ஆட்டோகைடர் இணைத்த பின்னும் விண்மீன்கள் நீள்கின்றன: டெக் அச்சு மட்டும் ஏன் அடங்குவதில்லை?

கேள்வி – பனங்காட்டு வானம், கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் எல்லைச் சாவடியைக் கடந்து வந்தால், கொழிஞ்சாம்பாறைக்கு முன்பாக எங்கள் ஊர். தமிழ் வழி வகுப்புகள் உள்ள பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து எடுத்த ஓரியன் நெபுலாவின் படத்தை மாணவர்களிடம் காட்ட வேண்டும் என்பது இரண்டு ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் ஆசை. அதற்காகக் கணினிக் கட்டுப்பாடு உள்ள ஈக்குவட்டோரியல் மவுண்ட் (புவிச் சுழற்சிக்கு ஈடாகத் தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி) ஒன்றைப் பழைய பொருளாக வாங்கினேன். 80 மி.மீ. விட்டமும் 480 மி.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கியில் டிஎஸ்எல்ஆர் கேமராவைப் பொருத்தியிருக்கிறேன். அதன் மேல் 120 மி.மீ. குவியத் தொலைவுள்ள சிறிய கைட் ஸ்கோப்பும், 3.75 மைக்ரான் பிக்சல் உள்ள கைட் கேமராவும் உள்ளன. விண்மீன் நகர்வதைக் கண்டு மவுண்டுக்குத் திருத்தம் அனுப்பும் ஆட்டோகைடர் மென்பொருள் பிஎச்டி 2. கைட் கேமராவிலிருந்து மவுண்டுக்கு எஸ்டி‑4 கேபிள் செல்கிறது.

சிக்கல் இதுதான். ஆர்.ஏ. (கிழக்கு–மேற்கு) அச்சின் வரைகோடு ஓரளவு அமைதியாக இருக்கிறது. டெக் (வடக்கு–தெற்கு) அச்சின் கோடு மட்டும் மேலே ஏறி, 30 அல்லது 40 விநாடி அங்கேயே நின்று, மென்பொருள் அனுப்பும் திருத்தம் எதற்கும் அசையாமல் இருந்து, பிறகு ஒரேயடியாகக் கீழே பாய்ந்து மறுபக்கம் போய் நிற்கிறது. திருத்தத்தின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். பாய்ச்சல் பெரிதானதே தவிர, குறையவில்லை. மொத்தப் பிழை 3.2 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்று மென்பொருள் காட்டுகிறது. ஐந்து நிமிடம் திறந்து வைத்து எடுத்த படங்களில் விண்மீன்கள் அரிசி மணிபோல நீண்டிருக்கின்றன.

இரண்டாவதாக, ஓரியன் நடுவான் கோட்டைக் கடக்கும் பத்து மணி வாக்கில் மவுண்டை மறுபக்கம் திருப்பிய பிறகு, பழைய கேலிப்ரேஷனையே (திருத்தம் விண்மீனை எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்தும் என்ற அளவீட்டையே) திருப்பிப் பயன்படுத்தும் கட்டளையைக் கொடுக்கிறேன். அதன் பின் ஆர்.ஏ. சரியாக நடக்கிறது. டெக் திருத்தமோ விண்மீனை நடுவுக்குக் கொண்டுவருவதற்குப் பதிலாக மேலும் தள்ளிக்கொண்டே போய், இறுதியில் திரையை விட்டே வெளியேற்றிவிடுகிறது.

எங்கள் அட்சரேகை 10.7 பாகை என்பதால், துருவ விண்மீனும் ஏறத்தாழ அவ்வளவு உயரத்தில்தான் நிற்கிறது. வடக்கே ஒரு வரிசைப் பனைமரங்கள் அதை முழுவதும் மறைக்கின்றன. ஆகவே காம்பஸ் வைத்துத்தான் வடக்கைப் பிடித்திருக்கிறேன். மவுண்டே பழுதானதா, நான் செய்யும் முறை பிழையா என்று தெரியாமல் பல இரவுகள் வீணாகிவிட்டன. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – குப்பத்துக் கூர்நோக்கி, குப்பம்

வணக்கம் ஐயா. அறிகுறிகளைத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்தால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு கோளாறுகள் ஒரே இரவில் தலைகாட்டுவதாகத் தோன்றுகிறது.

முதலில் ஆட்டோகைடரை நிறுத்திவிடுங்கள். மவுண்ட் தனியாக எப்படி நடக்கிறது என்று தெரியாமல் கைடிங் அமைப்புகளை மாற்றுவது, நாடி பார்க்காமல் மருந்தின் அளவைக் கூட்டுவதற்கு ஒப்பாகும். நடுவான் கோட்டுக்கு அருகிலும் வான நடுவரைக்கு அருகிலும் உள்ள ஒரு விண்மீனைப் பிடித்துக்கொள்ளுங்கள்; ஓரியனின் இடைவார் விண்மீன்கள் இதற்கு மிகவும் பொருத்தமானவை. பிஎச்டி 2 மென்பொருளில் உள்ள கைடிங் அசிஸ்டன்ட் என்னும் கருவியை, திருத்தம் எதுவும் அனுப்பாமல், 15 நிமிடம் ஓட விடுங்கள். அதில் மூன்றைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, ஆர்.ஏ. கோடு. வார்ம் (பற்சக்கரத்தைச் சுழற்றும் திருகுத் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றும் காலத்தில் அது அலைபோல ஒரு முறை ஏறி இறங்கும். 135 பற்கள் உள்ள வார்ம் வீலுக்கு அந்தக் காலம் 638 விநாடி. 180 பற்கள் இருந்தால் 479 விநாடி. அலை வழவழப்பாக இருந்தால், அது 30 அல்லது 40 விகலை உயரமாக இருந்தாலும் கவலை வேண்டாம். மெதுவான பிழையை ஆட்டோகைடர் எளிதில் சமாளிக்கும். இடையிடையே கூரிய முட்கள் இருந்தால்தான் பல்லில் தூசியோ காய்ந்த கிரீஸோ இருக்கிறதென்று பொருள்.

இரண்டு, டெக் கோட்டின் சாய்வு. விண்மீன் டெக் திசையில் தானாக நகர்வதற்குத் துருவ நேர்ப்படுத்தலின் (மவுண்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக வைப்பதன்) பிழையே முதன்மைக் காரணம். அந்தப் பிழை ஒரு கலை (60 விகலை) என்றால், நகர்வு நிமிடத்துக்கு அதிக அளவாக 0.26 விகலை. இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், நகர்வை அளந்ததுமே பிழை எத்தனை கலை என்று வகுத்துச் சொல்லிவிடலாம். காம்பஸை நம்பாதீர்கள். காந்த வடக்கு மெய் வடக்கு அன்று. அதோடு, மாடித் தளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் முக்காலியின் இரும்பும் முள்ளை இழுத்துவிடும்.

துருவ விண்மீன் தெரியாத இடத்தில் நகர்வு முறையே போதும். நடுவான் கோட்டருகில் உள்ள விண்மீன் வடக்கே நகர்ந்தால், உங்கள் அச்சு துருவத்துக்கு மேற்கே நோக்குகிறது. தெற்கே நகர்ந்தால், கிழக்கே நோக்குகிறது. இதைச் சரிசெய்த பின் கிழக்கு வானில் ஒரு விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அது வடக்கே நகர்ந்தால் அச்சு உயரம் கூடுதல். தெற்கே நகர்ந்தால் குறைவு. கிழக்கு விண்மீன் அடிவானை ஒட்டி இருக்கக் கூடாது, ஒளிவிலகல் கணக்கைக் கெடுத்துவிடும். வானத்தின் மூன்று இடங்களைப் படமெடுத்து அச்சின் திசையைக் கணக்கிடும் வசதி நினா மென்பொருளிலும் உண்டு. அதற்குத் துருவப் பகுதி தெரிய வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் உங்கள் உண்மையான நோய் என்று நினைக்கிறேன்: டெக் பற்சக்கரத்தின் பேக்லாஷ், நம் மெக்கானிக்குகள் ப்ளே என்று சொல்வது. மோட்டார் திசை மாறியதும் வார்மின் பல், வீலின் பல்லை மறுபுறம் தொடும் வரை வெறுமனே சுற்றுகிறது. அந்த நேரத்தில் விண்மீன் அசையாது. அசையவில்லையே என்று மென்பொருள் மேலும் மேலும் துடிப்புகளை அனுப்புகிறது. பல் தொட்டவுடன் தொலைநோக்கி பாய்கிறது. நீங்கள் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பதால் இலக்கைத் தாண்டி விழுகிறது. மறுபடியும் திசை மாற்றம், மறுபடியும் வெற்றுச் சுற்று. ஆர்.ஏ. அச்சுக்கு இந்த இடர் இல்லை, ஏனென்றால் அது எப்போதும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. திருத்தம் என்பது ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மட்டுமே. அதே கருவி பேக்லாஷையும் மில்லி விநாடியில் அளந்து தரும். அளந்து எழுதுங்கள்.

மறுபக்கம் திருப்பிய பின் டெக் ஓடிப்போவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. திருப்பும்போது சில மவுண்டுகள் வடக்கு தெற்கைத் தாமே மாற்றிக்கொள்ளும், சில மாற்றாது. எஸ்டி‑4 கேபிள் வெறும் நான்கு திசைச் சுவிட்ச் போன்றது. தொலைநோக்கி எந்தப் பக்கம் இருக்கிறதென்று அது மென்பொருளுக்குச் சொல்லாது. பிஎச்டி 2 அமைப்பில், மெரிடியன் ஃபிளிப்புக்குப் பின் (அதாவது மவுண்டை மறுபக்கம் திருப்பிய பின்) டெக் வெளியீட்டைத் திருப்புவது பற்றிய ஒரு குறி உள்ளது. அது இப்போது எப்படி இருக்கிறதோ அதற்கு எதிராக மாற்றிப் பாருங்கள். முடிந்தால் எஸ்டி‑4 கேபிளை விட்டுவிட்டு, மவுண்டைக் கணினியுடன் நேரடியாக இணைத்து ஆஸ்காம் என்னும் இணைப்பு மென்பொருள் வழியாகத் துடிப்பு அனுப்புங்கள். அப்போது தொலைநோக்கி எந்த டெக் கோணத்தில் இருக்கிறதென்பதும் மென்பொருளுக்குத் தெரியும். பொருளுக்குப் பொருள் புதிதாகக் கேலிப்ரேட் செய்ய வேண்டியதில்லை.

துருவம் தாழ்வாக இருப்பதை எண்ணிச் சோர்ந்துவிடாதீர்கள். எங்கள் ஊருக்குத் தெற்கே ஜவ்வாது மலையில், 12 பாகை 34 கலை அட்சரேகையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் இதே நிலைதான். 1986 முதல் இயங்கும் அந்தத் தொலைநோக்கிக்குக் குதிரைலாட வடிவத் தாங்கியைத் தேர்ந்தெடுத்ததே, தாழ்ந்த அட்சரேகைக்கு அது ஏற்றது என்பதால்தான்.

மறுமொழி 2 – புளியரைவாசி, செங்கோட்டை வட்டம்

குப்பத்து நண்பர் கூறியதுடன் முழுமையாக உடன்படுகிறேன். அவர் தொடாத சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன்.

நான் இருப்பது ஏறத்தாழ 9 பாகை அட்சரேகையில். இவ்வளவு தாழ்வான இடத்தில் ஆர்.ஏ. அச்சு கிட்டத்தட்டப் படுத்துக்கொண்டுவிடுவதால், எதிர் எடைத் தண்டு செங்குத்தாகத் தொங்கி, வடக்கே நிற்கும் முக்காலிக் காலில் உராயும். ஓரியன் கிழக்கு அடிவானை ஒட்டி இருக்கும் நேரத்தில்தான் அது காலை நெருங்கும். நானும் இரண்டு இரவுகள் மோட்டார் கோளாறு என்று நினைத்தேன். டார்ச் அடித்துப் பார்த்தபோது, எடையின் விளிம்பு காலின் பெயின்ட்டை நகக்கீறல்போலச் சுரண்டியிருந்தது. முக்காலியைத் திருப்பி, வடக்குப் பக்கம் இரண்டு கால்கள் வரும்படி வைத்து, தண்டு அவற்றின் இடையில் தொங்கும்படி செய்த பிறகு தொல்லை தீர்ந்தது.

அடுத்தது மின்சாரம். எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கீழ்த்தளத்து இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து மாடிக்கு ஒயர் இழுத்திருந்தால் கவனியுங்கள். 0.75 சதுர மி.மீ. ஒயர் 12 மீட்டர் என்றால், போக வர 24 மீட்டர். அதன் மின்தடை 0.56 ஓம். மோட்டார்கள் வேகமாகத் திரும்பும்போது 2 ஆம்பியர் இழுத்தால், 1.1 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தாலும் மவுண்டுக்கு 11.3 தான் வந்து சேரும். மல்ட்டிமீட்டரை மவுண்டின் முனையில் வைத்து, மோட்டார் ஓடும்போது அளக்க வேண்டும். பேட்டரியின் முனையில் அளந்து பயனில்லை.

மவுண்டின் கைக்கருவியில் உங்கள் இடத்தைப் பதியும்போதும் ஒரு பிழை பலருக்கும் நேர்கிறது. கைபேசி 10.73 என்று காட்டினால், அதை 10 பாகை 73 கலை என்று பதியக் கூடாது, 0.73 பாகையை 60 ஆல் பெருக்கி, 10 பாகை 44 கலை என்று பதிய வேண்டும். இது கைடிங்கைப் பாதிக்காது, ஆனால் பொருளைத் தேடிப் போகும்போது தவறான இடத்தில் நிற்கும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் மறந்துவிடாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில்தான் உங்கள் ஊரில் கீழ்க்காற்று பலமாக அடிக்கும். காற்றால் வரும் குலுக்கத்தில் ஆர்.ஏ., டெக் இரண்டும் ஒரே நொடியில் துள்ளி, அடுத்த படத்திலேயே தாமாகத் திரும்பிவிடும். பேக்லாஷ் அப்படியன்று, மெதுவாக விலகி, நின்று, பிறகு பாயும். காற்றுத் துள்ளலைத் திருத்த முயன்றால் நிலைமை மோசமாகும். கைட் கேமராவின் திறப்பு நேரத்தை 2 அல்லது 3 விநாடியாக வையுங்கள். அரை விநாடி வைத்தால், வளிமண்டல நடுக்கத்தைத்தான் துரத்திக்கொண்டிருப்பீர்கள்.

மறுமொழி 3 – பனங்காட்டு வானம், கொழிஞ்சாம்பாறை

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. மூன்று இரவுகள் சோதித்துவிட்டு எழுதுகிறேன்.

கைடிங் இல்லாமல் 15 நிமிடம் ஓடவிட்டதில், ஆர்.ஏ. அலை ஏறத்தாழ 36 விகலை உயரம், 638 விநாடிக் காலம், முட்கள் எதுவும் இல்லை. அதைப் பார்த்ததும் பாதி பாரம் இறங்கியது. டெக் கோடு நிமிடத்துக்கு 4 விகலை வீதம் தெற்கே சரிந்தது. 0.26 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15 கலை, அதுவும் கிழக்குப் பக்கம். காம்பஸ் செய்த வேலை. நகர்வு முறையில் திருத்தி, இப்போது நிமிடத்துக்கு ஒரு விகலைக்கும் கீழே கொண்டுவந்திருக்கிறேன். கிழக்கு விண்மீனில் உயரப் பிழை மிகக் குறைவாகவே இருந்தது.

பேக்லாஷ் 3,800 மில்லி விநாடி. கைடிங் வேகம் விண்மீன் ஓட்டத்தில் பாதி, அதாவது விநாடிக்கு 7.5 விகலை என்பதால், இது 28 விகலைக்கு மேல் வருகிறது. மறுநாள் பகலில் டெக் பூட்டை இறுக்கிவிட்டு, தொலைநோக்கியின் நுனியை இரு விரலால் மெல்ல அசைத்தபோது, அந்தத் தளர்வு விரலுக்கே தெரிந்தது. உள்ளே தக், தக் என்று ஓர் ஓசையும் கேட்டது. இத்தனை மாதமும் கையருகிலேயே இருந்ததை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

வார்ம் உறையின் பக்கத்தில் எதிரெதிராக உள்ள இரண்டு ஆலன் ஸ்குருக்களை, ஒன்றைத் தளர்த்தி மற்றதை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கிப் பார்த்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு, மாடி வெயிலில் செய்தேன். அப்போது மிக வழவழப்பாகச் சுற்றியது, தளர்வே இல்லை. ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பொருள் மாற்றும்போது, டெக் மோட்டார் ஓரிடத்தில் முனகி நின்றுவிட்டது. உடனே அணைத்துவிட்டேன். எங்கே தவறினேன்?

மின்னழுத்தத்தைப் பொறுத்தவரை புளியரை நண்பரின் ஐயம் மெய்யே. மவுண்டின் முனையில் மோட்டார் ஓடும்போது 11.2 வோல்ட் தான் இருந்தது. இப்போது ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரியை முக்காலியின் அடியிலேயே வைத்துவிட்டேன். டெக் வெளியீட்டுக் குறியை மாற்றியதும், திருப்பிய பின் ஓடிப்போகும் தொல்லை அன்றிரவே நின்றது.

மறுமொழி 4 – குப்பத்துக் கூர்நோக்கி, குப்பம்

அணைத்தது நல்ல முடிவு ஐயா. இறுகிய பல்லை மோட்டார் வலுவில் தள்ளினால் வார்ம் வீல் தேய்ந்துவிடும்.

வெயில் நேரத்தில் ப்ளே முழுவதையும் எடுத்ததுதான் தவறு. அலுமினியம் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் ஏறத்தாழ 23 மைக்ரான் விரியும். பித்தளை ஏறத்தாழ 19 மைக்ரான். அலுமினிய உறைக்குள் பித்தளை வீல் இருந்தால், குளிரும்போது உறை கூடுதலாகச் சுருங்கி வார்மை வீலின் மேல் அழுத்தும். அச்சுக்கும் வார்முக்கும் 50 மி.மீ. இடைவெளியும், பகலுக்கும் இரவுக்கும் 15 பாகை வேறுபாடும் என்று கொண்டால் வருவது 3 மைக்ரான் தான். ஆனால் சிறிதும் இடமில்லாமல் இறுக்கிய பல்லுக்கு அதுவே மிகுதி. கிரீஸும் இரவில் கெட்டியாகும். தவிர, வார்ம் வீல் முழு வட்டமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் தளர்வு இல்லாதபடி வைத்தால் வேறோர் இடத்தில் பிடித்துக்கொள்ளும். உங்கள் மோட்டார் ஒரே இடத்தில் நின்றதற்கு இது கூடுதல் காரணமாக இருக்கலாம்.

ஆகவே மவுண்டை மாலையிலேயே வெளியே வைத்து, இரவு ஒன்பது மணிக்கு மேல், அது குளிர்ந்த நிலையில் சரிசெய்யுங்கள். டெக் அச்சை மோட்டாரால் முழு வட்டம் சுற்ற விட்டு, எங்கே ஓசை கனக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, அங்கே மயிரிழைத் தளர்வு மிஞ்சும்படி ஸ்குருவை வையுங்கள். 700 அல்லது 800 மில்லி விநாடி பேக்லாஷ் மிஞ்சினால் அதை அப்படியே விட்டுவிடலாம். பூச்சியம் ஆக்கப் பார்க்காதீர்கள்.

மிஞ்சியதைச் சமாளிக்க ஒரு நல்ல வழி உண்டு. துருவ நேர்ப்படுத்தலில் மூன்று நான்கு கலை பிழையை வேண்டுமென்றே விட்டுவைத்தால், விண்மீன் எப்போதும் ஒரே பக்கம் மெதுவாக நகரும். டெக் திருத்தத்தை அதற்கு எதிரான ஒரே திசைக்கு மட்டும் அனுமதியுங்கள். திசை மாறாதபோது வெற்றுச் சுற்றுக்கே இடமில்லை. வேகத்தையும் பழைய அளவுக்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தாண்டி விழுந்த விண்மீன் தானாகத் திரும்பி வரும் வரை காத்திருக்க நேரும்.

மறுமொழி 5 – புளியரைவாசி, செங்கோட்டை வட்டம்

ஒரே ஒரு முன்னெச்சரிக்கை. வரைகோடு நேராகிவிட்ட பிறகும் விண்மீன்கள் சற்றே நீண்டிருந்தால், மவுண்டை மறுபடியும் கழற்றாதீர்கள். கைட் ஸ்கோப்பும் தொலைநோக்கியும் ஒன்றுக்கொன்று நுண்ணளவில் வளைந்துகொடுக்கின்றன என்று பொருள். கைட் கேமரா தன் விண்மீனை அசையாமல் பிடித்திருக்கும்; டிஎஸ்எல்ஆர் கேமராவின் விண்மீனோ நகர்ந்துகொண்டிருக்கும். கைட் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களில் பிளாஸ்டிக் நுனி ஸ்குருக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எனக்கு அவைதான் வளைந்தன. தொங்கும் கேபிளின் எடையும் இதைச் செய்யும்.

மறுமொழி 6 – பனங்காட்டு வானம், கொழிஞ்சாம்பாறை

நேற்றிரவு காற்று சற்று அடங்கியிருந்தது. சொன்னபடியே மவுண்ட் குளிர்ந்த பின் ஸ்குருவை வைத்தேன். பேக்லாஷ் 750 மில்லி விநாடி. டெக் திருத்தம் வடக்குத் திசைக்கு மட்டும். மொத்தப் பிழை 1.1 விகலை. என் டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஒரு பிக்சல் 1.85 விகலை என்பதால் இது எனக்குப் போதும்.

கைட் ஸ்கோப்பின் ஆறு ஸ்குருக்களில் நான்கு பிளாஸ்டிக் நுனி. அவற்றைப் பித்தளை நுனியாக மாற்ற, பொள்ளாச்சியில் ஒரு லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அதுவரை கேபிள்களைத் துணிப் பட்டையால் தொலைநோக்கியோடு சேர்த்துக் கட்டியதிலேயே, மூன்று நிமிடப் படங்களில் ஓரியனின் நான்கு சரிவக விண்மீன்கள் தனித்தனிப் புள்ளிகளாக விழுந்தன. ஐந்து நிமிடத்தில் இன்னும் சிறிது நீட்சி உள்ளது. 22 படங்கள் சேர்ந்திருக்கின்றன. திங்கட்கிழமை வகுப்பில் அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் முறையை மாணவர்களையே செய்யச் சொல்லப் போகிறேன். ஸ்குரு வந்து பொருத்திய பின், ஐந்து நிமிடப் படத்தின் நிலையை இங்கேயே எழுதுகிறேன்.